எறும்புகளைக் கொன்றவனிடம் பிள்ளையை விடாதே

அம்மாடி ரேவதி,

மித்ராவை என்னிடம் விட்டுவிட்டுப் போகாதே. நலம் விசாரித்து, மழை வெயில் எல்லாம் எழுதி, இரண்டு பாரா கழித்து மெதுவாக இதற்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் எழுத வந்தது என்னவென்று மறந்து தொலைத்தால் என்ன செய்வது? அதனால் முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய். இல்லை, நீயும் பிள்ளையும் சேர்ந்து வருவதென்றால் தாராளமாக வாருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். ஆனால் திரும்பும்போது அவளையும் தூக்கிக்கொண்டு போய்விடு. நீ இங்கே அபர்டீன் பஜாருக்குப் போய் வருகிற நேரம்கூட அவளை என் பொறுப்பில் விடாதே.

போனில் பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தாய். "சும்மா இருங்கப்பா, வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் மறக்கத்தான் செய்யும், எனக்கே மறக்குது" என்றாய். போன வாரம் ஒரேயடியாக என் வாயை அடைத்துவிட்டாய். "ஏம்ப்பா, ஆறு எறும்புக் காலனிய வச்சு வளக்குற மனுஷனுக்கு ஒத்தப் புள்ளைய வளக்கத் தெரியாதா?" சிக்னல் போய்விட்டது என்று நினைத்து "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ எதை வைத்து என்னை நம்புகிறாயோ அது போய்விட்டது என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரேவதி, ஆறு காலனியும் செத்துவிட்டன. ஒரு எறும்புகூட மிச்சமில்லை. நான்தான் கொன்றேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் குடும்ப குரூப்பில் போடுகிறேன். பரமக்குடி அத்தை, சித்தப்பா பிள்ளைகள், கப்பலில் எங்கே இருக்கிறாரோ உன் வீட்டுக்காரர், எல்லாரும் படிக்கட்டும். பக்கத்து வீட்டு ஷிப்ரா தீதிக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் அவளுக்கு இந்தியில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். நாலு பேர் பார்க்கும்படி அப்பன் இப்படி மானத்தை வாங்குகிறாரே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். உனக்கு மட்டும் தனியாக அனுப்பினால் நீ படித்துவிட்டு, அழுதுவிட்டு, "அப்பா என்னமோ மனசு சரியில்லாம எழுதியிருக்காரு" என்று அதை மூடி வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். உனக்கு இப்போது நான் நன்றாக இருந்தாக வேண்டும். ஆபீசில் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள், கிரெச்சில் விட்டால் பிள்ளைக்கு மாசம் பாதி நாள் காய்ச்சல், செந்திலுக்குக் கப்பலை விட்டு இறங்க இன்னும் காலம் இருக்கிறது. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்போது இந்தக் கதவு ஒன்றுதான் திறந்திருக்கிறது என்று நினைக்கிறாய். திறந்துதான் இருக்கிறது அம்மாடி, உள்ளேதான் ஆள் சரியாக இல்லை.

இந்த எறும்புச் சனியனை வீட்டுக்குள் கொண்டுவந்ததே நீதான். பத்தாவது படிக்கும்போது, முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், வாசல் டியூப் லைட்டைச் சுற்றி இறக்கை முளைத்த பெரிய கட்டெறும்புகளாக விழுந்தன. எல்லாரும் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது நீ மட்டும் மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாய். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் அலைகிறதே, அதுதான் ராணி, இனி அது தனியாக ஒரு ஊரையே உண்டாக்கும் என்றாய். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, இந்தப் பக்கம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அப்படியே துணி அலமாரியில் இருட்டில் வைத்துவிட்டாய். முதல் வேலைக்கார எறும்புகள் வெளியே வரும்வரை அதற்குச் சாப்பாடே வேண்டாம், தொந்தரவு மட்டும் செய்யக்கூடாது என்றாய். எனக்குப் பொறுக்குமா? படகு என்ஜின் ரூமில் கேஜ் முள்ளைப் பார்த்துப் பார்த்தே பழகிய ஆள். நீ பள்ளிக்கூடம் போனதும் அலமாரியைத் திறந்து டார்ச் அடித்து முட்டை இட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அடிக்கடி பார்த்தேன். கடைசியில் அந்த ராணி பயந்துபோய், இட்ட முட்டையை எல்லாம் தானே தின்றுவிட்டது. நீ ராத்திரி சோறு திங்கவில்லை. "எதுக்குப்பா பாத்துக்கிட்டே இருந்தீங்க? விட்டிருந்தா அதுவா வளத்திருக்கும்ல" என்று தேம்பினாய்.

எனக்கு அப்போது உன் மேல் எரிச்சல்தான் வந்தது. நம் ஊரில் எந்த வீட்டிலும் எறும்பு ஏறக்கூடாது என்று சாப்பாட்டு மேசைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்கள். எறும்பு இறங்கிவிடக்கூடாது என்று மேசைக் காலைத் தண்ணீரில் வைத்தது ஷாதிபூரிலேயே நம் வீடு ஒன்றுதான். ஷிப்ரா தீதி முதன்முதலில் பார்த்துவிட்டு, "தாதா, ஏ கைசா ஷௌக் ஹை? லோக் சீட்டி பகாத்தே ஹை, ஆப் லோக் பால்த்தே ஹோ?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணா, ஊரெல்லாம் எறும்பை விரட்டுகிறது, நீங்கள் வளர்க்கிறீர்களே, இது என்ன பைத்தியம் என்று. நியாயமான கேள்வி. நான் உன்னைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன்.

நீ கல்யாணமாகி இந்தத் தீவை விட்டு மெயின்லேண்ட் போனபோது நாலு காலனியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். கொஞ்ச நாள் பார்ப்போம், பிறகு கொல்லைப்பக்கம் திறந்துவிட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ரிட்டையர் ஆன மனுஷனுக்குக் காலையில் எழுந்ததும் செய்ய ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறதே. தேன் தண்ணீரைச் சொட்டாக மூடியில் வைப்பது, கரப்பான் பூச்சியைப் பிடித்து நறுக்கிப் போடுவது, எறும்பு ஏறி வெளியே வராதபடி பெட்டி விளிம்பில் முகப்பவுடர் பூசுவது, பஞ்சு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. என்ஜின் ரூமில் செய்த வேலையின் சின்ன உருவம்தான். அடுத்த மழைக்கு ஒன்று, இந்த வருஷ மழைக்கு ஒன்று என்று நானே இரண்டு ராணிகளைப் பிடித்து ஆறாக்கினேன். என் படகுகள் போன ஊர்களின் பெயரை வைத்தேன். ஹேவ்லாக், நீல், ரங்கத், டிக்லிபூர், கார் நிகோபார், ஹட்பே. "அப்பா, இன்னிக்கு டிக்லிபூர் என்ன சாப்பிட்டுச்சு?" என்று நீ போனில் கேட்பாய். பக்கத்தில் மித்ரா "எம்பு, எம்பு" என்று குதிப்பாள். நானும் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவேன். இந்த வீட்டில் மறுபடி சத்தம் வந்தது அந்த நாட்களில்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சமையலறையில் சித்தெறும்பு தொல்லை. வெல்ல டப்பா, சர்க்கரை டப்பா, எதையும் விடவில்லை. எறும்பு வளர்க்கிறவன் வீட்டில் எறும்புத் தொல்லை என்றால் யார் கேட்டாலும் சிரிப்பார்கள். ஷிப்ரா தீதியிடம் சொல்லி மருந்துக் கடையில் போரிக் பவுடர் வாங்கிவரச் சொன்னேன். சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன். திறக்கக்கூடாத வால்வில் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் என்ஜின் ரூம் வழக்கம். தேன் தண்ணீர் பாட்டிலில் நூல் கிடையாது. அந்த மருந்து எறும்பை உடனே கொல்லாது என்பது உனக்குத் தெரியும். குடித்த எறும்பு தெம்பாகவே கூட்டுக்குப் போகும், வாயோடு வாய் வைத்து அடுத்ததற்குக் கொடுக்கும், அது அடுத்ததற்கு, கடைசியில் ராணிக்கும் புழுக்களுக்கும் போய்ச் சேரும். அதனால்தான் அந்தப் பாட்டிலை அவ்வளவு ஜாக்கிரதையாக வைத்தேன்.

ஒரு நாள் காலையில் கூடத்தில் இருந்த ஐந்து காலனிக்கும் சாப்பாடு வைத்தேன். அப்படி ஒரு கூட்டம் அன்றைக்கு. சொட்டைச் சுற்றித் தலைகளை வைத்துக்கொண்டு வயிறு பளபளவென்று ஊதும்வரை குடித்தன. உனக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். "சூப்பர்ப்பா, செம பசி போல" என்று பதில் போட்டு, அதை உன் ஸ்டேட்டஸிலும் வைத்தாய். அந்த வீடியோவில் அவை குடித்துக்கொண்டிருந்தது சிவப்பு நூல் பாட்டிலில் இருந்ததை.

அடுத்த சில நாளில் ஒவ்வொன்றாகத் தடுமாற ஆரம்பித்தன. முதலில் செத்தவற்றை மற்றவை வழக்கம்போலத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் குவித்தன. பிறகு தூக்கவும் ஆளில்லை. செத்தது செத்த இடத்திலேயே கிடந்தது. ராணிகள் கடைசியில் போயின. ரங்கத் ராணி, நீ காலேஜ் படிக்கும்போது பிடித்தது, அத்தனை வருஷம் வாழ்ந்தது, காய்ந்த புழுக்களுக்கு நடுவில் மல்லாந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பஞ்சு கெட்டதா, தண்ணீர் கெட்டதா, வெயில் பட்டதா என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் யாரைச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? ஷிப்ரா தீதியை. ஜன்னல் வழியாகக் கொசு மருந்து அடித்துவிட்டாள் என்று அவள் வாசலில் நின்று கத்தினேன். உன் அம்மா போனதிலிருந்து நமக்கு மீன் குழம்பு கொண்டுவந்து வைக்கிற அந்தப் பெண்ணை, தெருவே பார்க்க, வாய்க்கு வந்தபடி பேசினேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. உள்ளே வந்து சமையலறை அலமாரியைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். பாதிக்கு மேல் காலி. "தாதா, ஏ ஆப்னே ஹி பனாயா தா. பவுடர் மே லாயி தி. ஆப்னே ஹி போலா தா, இஸ்கோ சீட்டி கே பக்ஸே கே பாஸ் மத் லே ஜானா." நீங்கள்தான் செய்தீர்கள், பவுடர் வாங்கி வந்தது நான், இதை எறும்புப் பெட்டிப் பக்கம் கொண்டுபோகாதே என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான் என்றாள். ரேவதி, அவள் சொன்ன எதுவும் என் ஞாபகத்தில் இல்லை. மேலே நான் எழுதியிருக்கிறேனே, பவுடர் வாங்கியது, கலந்தது, நூல் கட்டியது, அதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறந்துபோன விஷயத்தை யாராவது சொன்னால் "ஆமாம்ல" என்று வருமே, அது வரவில்லை. வேறு யாரோ செய்ததைக் கேட்பதுபோல் கேட்டேன்.

அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கூசியது. ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்காத மனுஷன் என்று நான் வேலை பார்த்த ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் எனக்குப் பேர். ஏதோ கை தவறிவிட்டது, யாருக்கும் நடப்பதுதான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நீ காலனியைக் காட்டச் சொன்னபோது நெட் இல்லை என்றேன். போனில் இருந்த பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். மித்ரா அதைப் பார்த்துக் கை தட்டினாள் என்றாய். செத்த எறும்புகளைக் காட்டிப் பேத்தியைக் கை தட்ட வைத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் நீ என்னைப் பிள்ளை வளர்க்கத் தகுந்தவன் என்று முடிவு செய்தாய்.

ஹட்பே மட்டும் தப்பித்திருந்தது. புது ராணி, படுக்கையறையில், இன்னும் குழாய்க்குள் இருட்டில் இருந்ததால் அதற்கு நான் எதுவும் வைக்கவில்லை. நான் டார்ச் அடிக்கவே இல்லை, நம்பு. ஒரு நாள் பார்த்தால் குட்டிக் குட்டியாக முதல் வேலைக்காரர்கள் வந்திருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. இதிலிருந்து திரும்ப எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடலாம், நீ வருவதற்குள் கூடத்தை நிரப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். விஷ பாட்டிலைத் தூக்கி எறிந்தாகிவிட்டது. வீட்டில் தேன் தண்ணீர் பாட்டில் ஒன்றுதான் இருக்கும், வேறு எதுவும் இருக்கக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டேன்.

ஒரு மத்தியானம் ஹட்பேக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன். ஷிப்ரா தீதி உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். "தாதா, ஏ கௌன்சா போத்தல் ஹை?" இது எந்தப் பாட்டில் என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அரே, சீட்டிவாலா போத்தல் ஹை. லால் தாகா பாந்தா ஹை, திக்தா நஹி?" என்றேன். எறும்புக்கு வைத்த பாட்டில், அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேனே, கண் தெரியவில்லையா என்று அவளையே அதட்டினேன். நானே பஜாருக்குப் போய்ப் பவுடர் வாங்கி, நானே கலந்து, நானே நூல் கட்டியிருக்கிறேன். கட்டியது ஞாபகம் இல்லை. எதற்குக் கட்டுவது என்பதும் தலைகீழாகிவிட்டது. வேலை பார்த்த காலம் முழுக்கச் சிவப்பு என்றால் தொடாதே என்று இருந்த கை இது. இந்தப் பாட்டில் எறும்புக்குத்தான், பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று சிவப்பைப் பார்த்தே நம்பி ஊற்றியிருக்கிறது. அதுவும் ஒரு தடவை கொன்று, அழுது, சத்தியம் செய்த பிறகு.

அதனால்தான் சொல்கிறேன். பாட்டிலில் பேர் எழுதி ஒட்டிவிடலாம் என்பாய். போனில் அலாரம் வைக்கலாம் என்பாய். ஷிப்ரா தீதி வந்து பார்த்துக்கொள்வாள் என்பாய். நான் கவனமில்லாமல் இருந்திருந்தால் இதெல்லாம் சரி. நான் கவனமாகத்தான் இருந்தேன் அம்மாடி, இரண்டு தடவையும் கவனமாகத்தான் இருந்தேன். மித்ராவுக்குக் காய்ச்சல் சிரப் இருக்கும், பால் பாட்டில் இருக்கும். ஒரு வேளை கொடுத்த மருந்தை மறந்து இன்னொரு வேளையும் கொடுப்பேன். அடுப்பில் வெந்நீர் இருக்கும். அவள் என்னை நம்பி வாயைத் திறப்பாள். எறும்பும் என்னை நம்பித்தான் வந்து குடித்தது.

வேறு எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலையில் காக்கி பேண்ட் போட்டு, டிபன் டப்பாவோடு பஸ் ஏறி ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போய்விட்டேன். கேட்டில் நின்ற பையன், "அரே சாப், ஆப் தோ ரிட்டையர் ஹோ கயே நா?" என்றான், நீங்கள்தான் ரிட்டையர் ஆகிவிட்டீர்களே என்று. சும்மா பழைய ஆட்களைப் பார்க்க வந்தேன் என்று சமாளித்தேன். சமாளிப்பதில் உன் அப்பன் கெட்டிக்காரன், அதனால்தான் நீ ஏமாந்தாய். போன மாதம் வீடியோ காலில் மித்ராவைப் பார்த்து, "ரேவா, யூனிஃபார்ம் போடாம என்ன விளையாட்டு?" என்று அதட்டினேனே, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவள் நீதான். ஆஸ்பத்திரிக்கும் போய் வந்துவிட்டேன். டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார், ஸ்கேன் எடுத்தார். மறதி நோயின் ஆரம்பம் என்றுதான் தெரிகிறது, அடுத்த தடவை வீட்டு ஆள் யாரையாவது கூட்டி வாருங்கள் என்றார். பெண் மெயின்லேண்டில் இருக்கிறாள், அவளுக்கு நிறைய வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அம்மா போனபோது நீ இரண்டாம் வகுப்பு. பரமக்குடியிலிருந்து அத்தை கப்பலேறி வந்தாள். "அண்ணே, பொட்டப்புள்ளய ஆம்பள ஒத்தையில எப்படிண்ணே வளப்பீக? நீங்க கார் நிகோபார் போனா திரும்பி வர எத்தன நாளாகுது! எங்கிட்டக் குடுத்துருங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எம்புள்ள எங்கிட்டத்தான் இருக்கும் என்று ஒரே பிடிவாதம் பிடித்தேன். ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி, சாயங்காலம் வீட்டுக்கு வருகிற மாதிரி துறைமுகத்துக்குள் ஓடும் சின்னப் படகுக்கு மாற்றல் வாங்கினேன். பெரிய என்ஜின் பார்த்தவன் பொம்மைப் படகுக்குப் போகிறான் என்று கேலி செய்தார்கள். உனக்குச் சடை பின்னத் தெரியாமல் ஷிப்ரா தீதி வீட்டுக்கு உன்னைத் தினமும் அனுப்பினேன். இருந்தும் வளர்த்தேன். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால்தான் நீ இன்றைக்கு என் முடியாது என்ற சொல்லை நம்ப மறுக்கிறாய். அன்றைக்கு ஒருத்தி கேட்டும் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றவன், இன்றைக்கு நீயே கொண்டுவந்து கொடுத்தும் வாங்க மாட்டேன் என்று நிற்கிறேன். எது எனக்குக் கஷ்டம் என்று உன்னால் யோசிக்க முடிகிறதா?

ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. குளியலறையில் வந்து பார். அவளைக் குளிப்பாட்ட ரோஸ் கலரில் ஒரு குட்டி பக்கெட்டும் மக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை என்று நினைத்துத்தான் சந்தோஷமாக வாங்கி வந்திருக்கிறேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

வேலையை விட்டுவிடாதே. அதை விட்டால் திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிரெச்சிலேயே விடு. அழுவாள். காய்ச்சல் வரும். எல்லாப் பிள்ளைக்கும் முதல் வருஷம் வரும் என்று டாக்டரே உன்னிடம் சொன்னதாக நீதானே சொன்னாய். விட்டுவிட்டு ஆபீசில் உட்கார்ந்து போனில் கிரெச் கேமராவைத் திறந்து திறந்து பார்க்காதே. டார்ச் அடித்து நான் கெடுத்தது போதும். செந்திலுக்கு நானே தனியாகவும் எழுதுகிறேன். மாப்பிள்ளை, அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் கரையில் ஒரு வேலை பாருங்கள், பெரிய என்ஜினை விட்டு இறங்கினால் யாரும் செத்துவிட மாட்டார்கள், நான் இறங்கினேன் என்று. அத்தையைக் கேள். அவளுக்கு வயதாகிவிட்டது, ஆனால் புத்தி கத்தி மாதிரி இருக்கிறது. அன்றைக்கு உன்னைக் கொடுக்கவில்லை என்று இன்னமும் என் மேல் மனத்தாங்கல் அவளுக்கு. மித்ராவைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டால் ஓடி வருவாள். நான் கூப்பிட்டதாகவே சொல்.

என்னையும் சென்னைக்கு வரச் சொல்வாய். வருகிறேன், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வந்தாலும் இதே பேச்சுதான். நான் பக்கத்து அறையில் இருக்கிறேன் என்ற தைரியத்தில் குளிக்கப் போகாதே. தாத்தா பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக் கதவைத் தாண்டாதே. வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று கணக்கில் எடுக்காதே.

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம், இதற்காகத்தான் குரூப்பில் போட்டேன். இதைப் படித்ததும் நீ போன் செய்வாய். நான் எடுப்பேன். அன்றைக்கு எனக்கு நல்ல நாளாக இருந்தால் என் குரல் கணீரென்று இருக்கும். என்ன கடிதம், யார் எழுதியது என்று நானே கேட்டாலும் கேட்பேன். எறும்பெல்லாம் சும்மா ஜம்மென்று இருக்கிறது என்பேன். எனக்கு ஒன்றும் இல்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, பக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன் என்று கெஞ்சுவேன். பொய் சொல்கிற குரலாக அது இருக்காது, ரேவதி. அவ்வளவும் உண்மையான ஆசையாக இருக்கும். உனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசையாக இருக்கும். அத்தை, மாப்பிள்ளை, படிக்கிற நீங்கள் எல்லாரும் அன்றைக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ரேவதி, அன்றைக்குப் பேசுகிறவர் உன் அப்பாதான். ஆனாலும் அவர் பேச்சைக் கேட்காதே. இன்றைக்கு நான் சொல்வதைக் கேள்.

அப்பா